முந்திரித் தோப்பில் ஆறு ஹோல்: எங்கள் கோல்ஃப் திடலின் உள்ளூர் விதிகள், கேள்வி பதில்

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில், நண்பர் ஒருவரின் செம்மண் நிலத்தில் ஆறு ஹோல் (பந்தை விழவைக்க வேண்டிய குழி; அதுவரை ஆடும் தடத்தையும் அப்படியே சொல்வோம்) வைத்துச் சிலர் கோல்ஃப் ஆடுகிறோம். கிளப் இல்லை, சந்தா இல்லை. எல்லாமே குட்டை ஹோல்கள். 60 கஜத்தில் தொடங்கி 120 கஜத்துக்குள் முடிந்துவிடும். நிலத்துக்காரரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் டீயில் (ஹோலின் முதல் அடி அடிக்கும் இடம்) நின்றுகொண்டு கேட்கும் கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பின்னால் வரும் குழு காத்துக் கிடக்கும். அதனால் அவற்றை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன். வருவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கோல்ஃபுக்கு உலகம் முழுக்க ஒரே விதிப் புத்தகம்தானே? உங்களுக்கு எதற்குத் தனி விதி?

புத்தகம் ஒன்றுதான். பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து அதை வெளியிடுகின்றன. 2019இல் பெரிய அளவில் திருத்தினார்கள். அடுத்த பதிப்பு 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நாங்களும் அதன்படிதான் ஆடுகிறோம்.

ஆனால் கபடிக்கும் டென்னிஸுக்கும் இருப்பதுபோல இந்த ஆட்டத்துக்கு அளந்து போட்ட களம் கிடையாது. நிலம் எப்படியோ அப்படித்தான் திடல். ஓரிடத்தில் கடல் மணல், ஓரிடத்தில் மலைச்சரிவு, எங்களிடம் முந்திரிக் கட்டையும் மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லையும். "பந்து கிடக்கிறபடி அடி, திடல் இருக்கிறபடி ஆடு" என்பதுதான் ஆட்டத்தின் அடிப்படை. அது அந்தந்த மண்ணில் நடைமுறைக்கு ஒத்துவர, அந்த இடத்துக்கென்று சில விதிகள் தேவைப்படுகின்றன. புத்தகமே அதற்கு இடம் கொடுத்து, மாதிரி வாசகங்களையும் தந்திருக்கிறது.

இது புதிய ஏற்பாடும் இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கோல்ஃப் விதிகள் 1744இல் ஸ்காட்லாந்தின் லீத் திடலுக்காக எழுதப்பட்ட 13 விதிகள். அவற்றில் கடைசி விதி, திடலைப் பாதுகாக்க வெட்டிய பள்ளம், மாணவர்களின் குழிகள் போன்றவற்றில் பந்து விழுந்தால் வெளியே எடுத்து இரும்புக் கிளப்பால் (பந்தடிக்கும் கோல்) அடிக்கலாம் என்கிறது. அந்த ஒரு திடலை விட்டால் வேறெங்கும் அந்த வரிக்கு வேலை இல்லை. அப்படியானால் கோல்ஃப் விதி பிறந்தபோதே உள்ளூர் விதியும் கூடப் பிறந்துவிட்டது. 1940இல், லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில், ரிச்மண்ட் கோல்ஃப் கிளப் ஒரு தற்காலிக விதித்தாள் போட்டது. அடிக்கும் அதே நேரத்தில் குண்டு வெடித்து ஆட்டம் கெட்டால் இன்னொரு பந்து அடிக்கலாம், ஆனால் ஒரு ஸ்ட்ரோக் பெனால்ட்டி (தண்டனையாகக் கணக்கில் கூடும் ஓர் அடி) உண்டு என்று அதில் இருந்தது. அந்த நிலையிலும் உட்கார்ந்து விதி எழுதி ஆடியிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் மரியாதை கூடிற்று.

அப்படியென்றால் நீங்கள் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் விதியாக எழுதிக்கொள்ளலாமா?

முடியாது. திடலை நடத்தும் குழு, புத்தகத்தில் உள்ள ஒரு விதி தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அதை மாற்ற முடியாது. அந்த நிலத்தில் உண்மையாகவே ஒரு சிக்கல் இருக்க வேண்டும். "பங்கரில் (மணல் பள்ளத்தில்) பந்து விழுந்தால் கையால் எடுத்து வெளியே வைத்துக்கொள்ளலாம்" என்று நாங்கள் எழுதினால் அது விதி இல்லை. மணலிலிருந்து அடிப்பது கஷ்டம்தான், ஆனால் அந்தக் கஷ்டம்தான் ஆட்டம். "வேரில் பட்டு மணிக்கட்டு உடையாமல் இருக்கப் பந்தை நகர்த்தலாம்" என்பது விதி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் கீழே உள்ளதெல்லாம் சுலபமாகப் புரியும்.

ஆறு ஹோல்தானே, இதுவெல்லாம் ஒரு ரவுண்டா என்று கேட்பவர்களுக்கு: ஒரு ரவுண்ட் என்பது 18 ஹோலோ அதற்குக் குறைவாகவோ இருக்கலாம் என்றுதான் புத்தகம் சொல்கிறது.

திடலின் எல்லை எது?

கிழக்கிலும் வடக்கிலும் கற்கால் நட்ட கம்பி வேலி. கற்காலின் உள்பக்க ஓரத்தைத் தரைமட்டத்தில் கோடு பிடித்தால் அதுதான் எல்லை. பந்து முழுவதும் அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. ஒரு விரற்கடை உள்ளே இருந்தாலும் உள்ளேதான். தெற்கில் பக்கத்து நிலத்துக்காரரின் மல்லாட்டைக் கொல்லை. அங்கே வேலி இல்லை, வெள்ளை அடித்த குச்சிகள் நட்டிருக்கிறோம். மேற்கில் பாதை; அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எல்லைக்கு வெளியே போனால் ஒரு ஸ்ட்ரோக் பெனால்ட்டியோடு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும். டீயிலிருந்து அடித்தது போய்விட்டால், அடுத்து அடிப்பது மூன்றாவது ஸ்ட்ரோக். போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்து அடித்துவிட்டு நடங்கள். சொல்லாமல் அடித்தால் அந்த இரண்டாவது பந்துதான் ஆட்டத்தில் இருக்கும், முதல் பந்து கிடைத்தாலும் பயன் இல்லை. தேட மூன்று நிமிடம்தான். முன்பு ஐந்தாக இருந்தது, 2019இல் குறைத்துவிட்டார்கள்.

வேலிக்கம்பியோ கற்காலோ வெள்ளைக் குச்சியோ உங்கள் ஸ்விங்கில் (கிளப்பை வீசும் வீச்சில்) குறுக்கிட்டால் அதற்கு ரிலீஃப் (பந்தை எடுத்து வேறிடத்தில் போட்டு ஆடும் சலுகை) இல்லை. எல்லைக் குச்சியைப் பிடுங்கி வைத்துவிட்டு அடிப்பதும் கூடாது.

பெரிய கிளப்புகளில் சிலர், இரண்டு பெனால்ட்டி வாங்கிக்கொண்டு ஃபேர்வே (டீக்கும் குழிக்கும் நடுவே புல் வெட்டிவைத்த தடம்) பக்கமாகப் பந்தைப் போட்டு ஆடும் வழி பார்த்திருப்பார்கள். அதுவும் 2019இல் வந்த ஒரு மாதிரி உள்ளூர் விதிதான். குழு ஏற்றுக்கொண்டால்தான் செல்லும், பெரிய போட்டிகளுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. திரும்பி 200 கஜம் நடந்தால் ஆட்டமே நின்றுபோகும் இடங்களுக்கு அது நல்ல ஏற்பாடு. எங்கள் ஹோல்கள் குட்டை, திரும்பி நடக்க ஒரு நிமிடம் ஆகாது. அதனால் இங்கே அது இல்லை.

கொல்லைக்குள் பந்து கண்ணுக்குத் தெரிகிறது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மல்லாட்டை பூத்து, பூவின் அடியிலிருந்து விழுது இறங்கி, மண்ணுக்குள் போய்த்தான் காய் பிடிக்கும். அந்தச் சமயத்தில் ஒருவர் மிதித்து நடந்தால் நடந்த தடம் முழுக்கக் காய் போச்சு. உங்கள் பந்து சில நூறு ரூபாய் இருக்கலாம். அவர் விதை வாங்கி, களை எடுத்து, மழையை நம்பிப் போட்ட வெள்ளாமை அது. நாம் விளையாடுவதற்காக அவர் ஒரு செடியைக்கூட இழக்கக் கூடாது.

அதனால் கொல்லைக்குள் கால் வைப்பதை நடத்தை விதியில் சேர்த்திருக்கிறோம். புத்தகத்தில் அதற்கு வழி இருக்கிறது. குழு தன் நடத்தை விதியை மீறுவோருக்குப் பெனால்ட்டி போடலாம். இங்கே முதல் தடவை ஒரு ஸ்ட்ரோக், அடுத்த தடவை இரண்டு, மூன்றாம் தடவை அன்றைய ஆட்டத்திலிருந்து விலக வேண்டியதுதான். அறுவடையின்போது கொல்லைக்காரரே பந்துகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து தருவார். அவற்றை ஒரு வாளியில் போட்டு வைத்திருக்கிறோம், உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நான்காவது ஹோல்களில் தரையெல்லாம் கட்டையும் வேருமாக இருக்கிறதே, அங்கே என்ன செய்வது?

அது 'தானே' என்ற புயல் விட்டுப்போனது. 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய அந்தப் புயலில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்து முந்திரியும் பலாவும் எப்படிப் போயின என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் நிலத்தில் அவர் தாத்தா வைத்த மரங்கள் சாய்ந்தன. பாதி நிலத்தில் மறுபடி கன்று வைத்தார்கள்; மீதியில் மண் வளம் போதாமல் சும்மா கிடந்த இடம்தான் இன்று நாம் ஆடும் திடல். எல்லாக் கட்டையையும் ஜேசிபி வைத்துத் தோண்டியிருக்கலாம். அவர் சிலவற்றை விட்டுவைத்தார், நாங்களும் தோண்டச் சொல்லிக் கேட்கவில்லை.

மரக்கட்டை, வேர் இரண்டும் திடலின் இயற்கையான பகுதி. பொது விதிப்படி அவற்றுக்கு ரிலீஃப் கிடையாது. ஆனால் வேர்கள் மண்ணுக்கு மேலே தலை காட்டிக் கிடக்கும் திடல்களுக்கு ஒரு மாதிரி உள்ளூர் விதி உண்டு. அதை எடுத்துக்கொண்டோம். ஃபேர்வேயிலோ அதன் ஓரத்திலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள்ளோ பந்து கிடந்து, வேரோ கட்டையோ பந்தையோ ஸ்விங் வரும் வழியையோ மறித்தால், இடைஞ்சல் இல்லாத மிக அருகிலுள்ள இடத்தைப் பார்த்து, அங்கிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்குப் பக்கத்தில் போகாமல் டிராப் செய்யலாம் (கையிலிருந்து பந்தை விழவிடலாம்). பெனால்ட்டி இல்லை. கால் வைக்கும் இடத்தில் மட்டும் வேர் இருந்தால் ரிலீஃப் இல்லை. ஃபேர்வேயை விட்டுத் தோப்புக்குள் போன பந்துக்கும் இல்லை. அங்கே போனது உங்கள் அடியால், வேரால் அல்ல.

டிராப் செய்வது முழங்கால் உயரத்திலிருந்து. தோளுயரத்திலிருந்து போடுவது பழைய விதி, இன்னும் சிலர் அப்படியே செய்கிறார்கள். கிளப் நீளம் என்பது உங்கள் பையில் உள்ள மிக நீளமான கிளப். பட்டர் (குழியருகே பந்தை உருட்டும் கிளப்) மட்டும் கணக்கில் வராது.

புதிய முந்திரிக் கன்றுகளுக்கு மூங்கில் குச்சி நட்டு நீல ரிப்பன் கட்டியிருக்கிறோம். அவை விளையாடக் கூடாத இடங்கள். பந்து அதன் அருகே கிடந்து, நிற்கவோ அடிக்கவோ கன்று தடையாக இருந்தால், கட்டாயம் ரிலீஃப் எடுக்க வேண்டும். "பரவாயில்லை, நான் பார்த்து அடித்துக்கொள்கிறேன்" என்பதற்கு இடமில்லை.

ஐந்தாவது ஹோலில் மஞ்சள் குங்குமம் வைத்த புற்று இருக்கிறதே?

அது திடலுக்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது. ஆடி வெள்ளிக்கிழமைகளில் ஊர்ப் பெண்கள் வந்து பால் ஊற்றுவார்கள். சுற்றிலும் நான்கு செங்கல் வைத்து வட்டம் காட்டியிருக்கிறோம். வட்டத்துக்குள் பந்து போனாலும், வட்டத்துக்குள் கால் வைத்துத்தான் அடிக்க முடியும் என்றாலும், ரிலீஃப் கட்டாயம். பெனால்ட்டி இல்லை. பந்தை எடுக்கக் கையை மட்டும் நீட்டுங்கள். செருப்போ ஷூவோ உள்ளே போகக் கூடாது. பந்து புற்றுக் கண்ணுக்குள் போய்விட்டால் அதை அங்கேயே விட்டுவிட்டு வேறு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கும் பெனால்ட்டி கிடையாது. ஆடி வெள்ளியில் யாராவது கும்பிட்டுக்கொண்டிருந்தால் அந்த ஹோலை விட்டுவிட்டு ஆறாவதுக்குப் போய்விடுவோம்.

மாடு மேய்கிறது. சாணத்தின் மேல் பந்து, குளம்புத் தடத்தில் பந்து, நாய் தூக்கிக்கொண்டு போன பந்து: எல்லாவற்றுக்கும் என்ன வழி?

சாணம், விதிப் புத்தகத்தின்படி, காய்ந்த இலை, சுள்ளி, உதிர்ந்த முந்திரிப்பழம் மாதிரி தனியே கிடக்கும் இயற்கைப் பொருள். பந்தை அசைக்காமல் அகற்றிவிட்டு அடிக்கலாம். 2019க்குப் பிறகு பங்கருக்குள்ளும் இப்படி அகற்றலாம். அகற்றும்போது பந்து அசைந்துவிட்டால், கிரீனையும் (குழியைச் சுற்றிச் சமன்செய்த வட்டம்) டீயையும் தவிர மற்ற இடங்களில் ஒரு பெனால்ட்டியோடு பழைய இடத்தில் வைக்க வேண்டும். பந்தே சாணத்துக்குள் புதைந்துவிட்டால் எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் டிராப் செய்ய எங்கள் உள்ளூர் விதி இடம் கொடுக்கிறது.

குளம்புத் தடம் கொஞ்சம் சிக்கல். மழை விட்ட ஈரச் செம்மண்ணில் மாடு நடந்து, வெயிலில் அது காய்ந்தால், தடம் ஒவ்வொன்றும் கல் கிண்ணமாகிவிடும். கிரீனில் என்றால் பொது விதியே போதும், தடத்தைச் சரிசெய்துவிட்டுப் பட் செய்யலாம். மற்ற இடத்தில் குழுதான் அதைச் செப்பனிடும் நிலமாக (பழுதுபட்டதால் இலவச ரிலீஃப் கிடைக்கும் இடமாக) அறிவிக்க வேண்டும். கார்த்திகையிலிருந்து தை முடியும்வரை ஃபேர்வேயில் மட்டும் அப்படி அறிவித்திருக்கிறோம். கோடையில் தடம் தேய்ந்து தரை சமமாகிவிடுகிறது, அப்போது அந்த விதி இல்லை.

நின்றுவிட்ட பந்தை நாயோ காக்கையோ தூக்கிப் போனால், அது உறுதியாகத் தெரிந்தால், பெனால்ட்டி இல்லாமல் பழைய இடத்தில் பந்தை வைக்க வேண்டும். பந்து கிடைக்காவிட்டால் வேறொன்று. இடம் சரியாகத் தெரியாவிட்டால் குத்துமதிப்பாக. "நாய்தான் தூக்கியிருக்கும்" என்ற யூகம் மட்டும் போதாது. யாராவது பார்த்திருக்க வேண்டும், அல்லது வேறு வழியே இல்லை என்னும்படி இருக்க வேண்டும்.

மாட்டை விரட்டப் பந்து அடிக்காதீர்கள். மேய்க்கிறவரைக் கூப்பிட்டால் ஓட்டிக்கொண்டு போவார்.

பண்ணைக்குட்டை, கிணறு?

குட்டைக்குச் சிவப்புக் குச்சி. உள்ளே பந்து கரையோரம் கிடந்தால் அப்படியே அடிக்கலாம், பெனால்ட்டி இல்லை. இப்போது கிளப்பைத் தரையில் ஊன்றவும் தடையில்லை. எடுக்க வேண்டும் என்றால் ஒரு பெனால்ட்டியோடு மூன்று வழி: முன்பு அடித்த இடத்துக்குத் திரும்பலாம், குழியில் நட்ட கொடியையும் பந்து எல்லையைக் கடந்த இடத்தையும் சேர்க்கும் கோட்டில் எவ்வளவு தூரமும் பின்னால் போகலாம், அல்லது கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள் பக்கவாட்டில் போடலாம். மஞ்சள் குச்சி நட்ட இடமாக இருந்தால் மூன்றாவது வழி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்களிடம் மஞ்சள் இல்லை.

கிணற்றைச் சுற்றியும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம், ஆனால் பந்தை எடுக்க யாரும் எட்டிப்பார்க்க வேண்டாம். கைப்பிடிச் சுவர் பழையது.

மழைக்காலத்தில் ஆடுவீர்களா?

ஐப்பசி, கார்த்திகையில் தரை அனுமதித்தால் ஆடுவோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பல வாரம் திடல் பக்கமே யாரும் போகவில்லை. தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்கள் வீட்டுச் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள், கோல்ஃப் நினைப்பு யாருக்கு வரும்.

சாதாரண மழைக்கு: தேங்கிய தண்ணீர் உங்கள் பந்தையோ, நிற்கும் இடத்தையோ, ஸ்விங்கையோ தடுத்தால் இலவச ரிலீஃப். தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காலை ஓங்கி அழுத்தி வரவழைத்த ஈரம் கணக்கில் வராது, பனியும் வராது. பங்கருக்குள் தண்ணீர் என்றால் பங்கருக்குள்ளேயேதான் இலவசமாகப் போட முடியும். வெளியே வர ஒரு பெனால்ட்டி. மண்ணில் தானே குத்திப் புதைந்த பந்தை, மணலைத் தவிர்த்த பொதுப் பகுதி (டீ, பங்கர், குட்டை, கிரீன் அல்லாத இடம்) எங்கும் எடுத்துப் போடலாம்.

இவற்றோடு, மழைக்காலத்தில் "நல்ல இடம்" விதியும் போடுகிறோம். ஃபேர்வே அளவுக்குப் புல் வெட்டிய இடத்தில் பந்து கிடந்தால், எடுத்துத் துடைத்து, ஆறு அங்குலத்துக்குள், ஹோலுக்கு அருகே போகாமல், கையால் வைத்து ஆடலாம். ஒரு முறைதான், வைத்தபின் பிடிக்கவில்லை என்று மறுபடி நகர்த்த முடியாது. சில கிளப்புகளில் இது ஒரு கிளப் நீளம், சில இடங்களில் ஒரு ஸ்கோர்கார்டு நீளம். எங்கள் ஆட்களில் சிலர் வருஷம் முழுக்க இதை வைக்கலாம் என்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. எங்கள் ஃபேர்வே அறுகம்புல். உலகம் முழுக்க வெப்ப நாட்டுக் கோல்ஃப் திடல்களில் பெர்முடா என்று வளர்ப்பது இதே புல்தான். மாசி வந்துவிட்டால் அது தானே இறுகிப் பந்தைத் தாங்கும். தாங்குகிற புல்லில் பந்தைத் தூக்கி வைப்பது ஆட்டத்தைக் குறைப்பது.

இடி இடித்தால்?

ஒரு நீண்ட ஹார்ன் சத்தம் கேட்டால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பந்தின் மேல் கிளப்பை வைத்திருந்தாலும் அடிக்கக் கூடாது. மூன்று தொடர் சத்தம் என்றால் சாதாரண நிறுத்தம், கையில் உள்ள ஹோலை முடித்துக்கொள்ளலாம். இரண்டு குட்டைச் சத்தம் வந்தால் திரும்ப ஆரம்பம். இது பெரும்பாலான கிளப்புகளில் உள்ள முறை. ஹார்ன் வராவிட்டாலும் மின்னல் ஆபத்து இருப்பதாக உங்களுக்கே தோன்றினால் நிறுத்திக்கொள்ள விதி அனுமதிக்கிறது. மரத்தடியில் ஒதுங்காதீர்கள், அண்ணன் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுங்கள். கிளப்பை எங்கே போட்டாலும் பரவாயில்லை.

மோட்டார் கொட்டகை, சொட்டுநீர்க் குழாய், மேலே போகும் மின்கம்பி?

கொட்டகை நகர்த்த முடியாத கட்டுமானம், அது நிற்கவோ ஸ்விங்குக்கோ தடையானால் இலவச ரிலீஃப். கொடிக்கும் உங்களுக்கும் நடுவே அது வெறுமனே மறைத்துக்கொண்டு நின்றால் ரிலீஃப் இல்லை, சுற்றித்தான் அடிக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயைத் தூக்கி நகர்த்திவிட்டு அடிக்கலாம். பந்து அசைந்தாலும் பெனால்ட்டி இல்லை, திரும்ப வைத்தால் போதும். குழாயையும் பழையபடி போட்டுவிடுங்கள். மின்கம்பியில் பந்து பட்டால் அந்த அடி செல்லாது, அதே இடத்திலிருந்து மறுபடி அடிக்க வேண்டும். நல்ல இடத்தில் விழுந்திருந்தாலும் அப்படித்தான்.

பாம்பு?

நல்ல பாம்பு, விரியன், குளவிக் கூடு, முந்திரி இலையில் கூடு கட்டும் முசுறு எறும்பு: பந்து இருக்கும் இடத்திலிருந்து ஆடினால் கடிபடும் என்ற நிலை வந்தால் பெனால்ட்டி இல்லாமல் ஆபத்து விலகும் இடத்துக்குப் போகலாம். இது பொது விதியிலேயே உள்ளது. முள்ளுக்கும் கள்ளிக்கும் இந்தச் சலுகை கிடையாது.

இங்கே கிரீன் பச்சையாக இல்லையே?

இது பிரவுன். தண்ணீர் பற்றாத இந்தியத் திடல்கள் பலவற்றில், புல்லுக்குப் பதில் மணலை எண்ணெய் விட்டுக் கெட்டிப்படுத்தி இப்படி வைத்திருந்தார்கள். நாங்கள் எண்ணெய் ஊற்றுவதில்லை. கிணறு பக்கத்தில் இருக்கிறது. சலித்த மணலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டுகிறோம். அதனால் கால் தடம் சீக்கிரம் விழும். எங்கள் விதி: உங்கள் முறை வந்ததும் பந்தைக் குறித்து எடுத்துவிட்டு, பந்திலிருந்து குழிவரை மட்டப்பலகையை ஒரே ஒரு தடவை இழுக்கலாம். குழிக்கு அப்பாலும் இழுத்துச் சரிவு பண்ணக் கூடாது. ஹோலை முடித்தபின் கடைசி ஆள் முழு வட்டத்தையும் இழுத்துவிட்டு வர வேண்டும்.

குழி எங்கும் உள்ள அளவுதான்: விட்டம் 108 மில்லிமீட்டர், ஆழம் குறைந்தது 101.6. கடையில் கிடைக்கும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயை அப்படியே இறக்கிவிடலாமே என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். உள்ளே வைக்கும் கிண்ணத்தின் வெளி விட்டமே 108ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. குழாயை நீளவாக்கில் ஒரு கீற்று அறுத்தெடுத்து நெருக்கிப் பொருத்தியிருக்கிறோம்.

மேற்கே உள்ள மண்பாதையில் ஆட்கள் போகிறார்களே, ஆட்டம் நிற்குமா?

நிற்கும். அது ஊர்ப் பாதை, திடலுக்கு வெளியே. விடியற்காலையில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகிறவர்கள், ஏழு மணிக்கு மேல் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், சைக்கிளில் பிள்ளைகள். நமக்கு வழிவிட அவர்கள் நிற்க வேண்டியதில்லை, அவர்களுக்காக நாம் நிற்க வேண்டும். ஒன்றாவது, ஆறாவது டீயில் நிற்கும்போது பாதையில் ஒருவர் கண்ணுக்குத் தெரிந்தாலும் அவர் கடந்து போகும்வரை கிளப்பைத் தூக்கக் கூடாது. 46 கிராமுக்குள் எடையுள்ள சின்னப் பந்துதான், ஆனால் மண்டையில் பட்டால் உயிர் போகும். அடித்த பந்து யார் பக்கமாவது திரும்பினால், கோல்ஃபில் வழக்கமாக எச்சரிப்பதுபோல "ஃபோர்" என்று கத்திப் பயனில்லை, அது அவர்களுக்குப் புரியாது. "பந்து வருது, குனிங்க" என்று கத்துங்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து நடக்கும்போது பேச்சு சுவாரஸ்யத்தில் ஒருதடவை கேட்காது, திரும்பவும் கத்துங்கள்.

இந்த விதியை மீறினால் பெனால்ட்டி எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அவர் மறுபடி இங்கே ஆட முடியாது.

நாங்கள் நால்வரும் நண்பர்கள். எங்களுக்குள் பேசி இரண்டு விதியை விட்டுவிட்டு ஆடலாமா?

பொழுதுபோக்காக, ஸ்கோர் எழுதாமல் என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. கார்டு கொடுக்கும் ஆட்டமென்றால் முடியாது. விதி இருப்பது தெரிந்தும் சேர்ந்து அதைப் புறக்கணிக்க ஒப்புக்கொண்டால் எல்லோரும் தகுதி இழப்பார்கள். உள்ளூர் விதிக்கும் இது பொருந்தும். ஒரு சாண் தூரத்துக் கடைசி அடியை "சரி, எடுத்துக்கோ" என்று விட்டுக்கொடுப்பது மேட்ச் பிளேயில் (ஒவ்வொரு ஹோலையும் யார் வென்றார் என்று எண்ணும் ஆட்டம்) உண்டு, ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) இல்லை. கடைசிவரை குழியில் விழ வேண்டும். முதல் அடி பிடிக்காவிட்டால் இன்னொன்று இலவசமாக அடித்துக்கொள்ளும் பழக்கம் விதிப் புத்தகத்தில் எங்குமே இல்லை.

விதி என்னவென்று நடுவில் சந்தேகம் வந்தால்?

ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு பந்து ஆடி அந்த ஹோலை முடியுங்கள். அடிப்பதற்கு முன்பே, விதி அனுமதித்தால் எந்தப் பந்தின் கணக்கு வேண்டும் என்று கூட ஆடுபவரிடம் சொல்லிவிடுங்கள். கார்டைக் கொடுக்கும் முன் எங்களிடம் சொல்ல வேண்டும். இரண்டு பந்திலும் ஒரே ஸ்கோர் வந்திருந்தாலும் சொல்லியாக வேண்டும். மேட்ச் பிளேயில் இந்த வழி இல்லை.

இதெல்லாம் கற்றுக்கொண்டு சென்னைக்கோ கொடைக்கானலுக்கோ போனால் அங்கே செல்லுமா?

பொது விதி செல்லும், உள்ளூர் விதி செல்லாது. கிண்டியில் குதிரைப் பந்தயத் தடத்துக்கு உள்ளேயே கோல்ஃப் திடல் இருந்தது. அங்கே தடத்துக்கும் தடுப்புக் கம்பிக்கும் என்ன செய்வது என்று தெரியாமல் ஆடியிருக்க முடியாது. 1895இல் தொடங்கிய கொடைக்கானல் திடலில் காட்டெருமை உலாவும், காட்டுப்பன்றி தரையைக் கிளறும். இங்கே மாட்டுக் குளம்புக்குக் கிடைக்கும் ரிலீஃபை வைத்து அங்கே எதுவும் முடிவு செய்யக் கூடாது. எங்கே போனாலும் ஸ்கோர்கார்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், அறிவிப்புப் பலகையில் அன்றைக்கு ஒட்டிய தாளையும் பாருங்கள். குச்சியின் நிறம், செப்பனிடும் நிலம், "நல்ல இடம்" விதி உண்டா, உண்டென்றால் எவ்வளவு தூரம்: இந்த மூன்றையும் முதல் டீக்கு முன் கேட்டுவிட்டால் பெரும்பாலான வம்பு வராது. கேடிகளிடம் (கிளப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறவர்கள்) கேளுங்கள், அந்த மண்ணை அவர்களைவிட அறிந்தவர்கள் யாருமில்லை.

பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

தாராளமாக. பத்து வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும், கிணற்றுப் பக்கம் விடக் கூடாது. குட்டைக் கிளப்புகள் இரண்டு செட் அண்ணன் வீட்டில் இருக்கின்றன. முதல் நாள் சொல்லிவிட்டால் எடுத்து வைத்திருப்பார்.